மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்ட இளைஞர்



உங்கள் தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் புதிதாக வந்து நின்றால் என்ன செய்வீர்கள்? ஓடிப் போய்ச் சுற்றி நிற்பீர்கள். இருக்கையைத் தடவிப் பார்ப்பீர்கள். பக்கக் கண்ணாடியில் முகம் பார்ப்பீர்கள். பெரியவனானதும் இதைப் போல ஒன்று வாங்கியே தீருவேன் என்று மனதுக்குள் சபதமும் எடுத்து விடுவீர்கள்.

நூறு ஆண்டுகளுக்கு முன்பு நம் கோவைப் பக்கத்தில் ஓர் இளைஞரும் அப்படித்தான் சபதம் எடுத்தார். சொன்னபடி வாங்கியும் விட்டார். வாங்கிய பிறகு அவர் செய்த காரியம்தான் வேடிக்கையானது. பாடுபட்டுச் சேர்த்த காசில் வாங்கிய அந்த வண்டியை ஒவ்வொரு உறுப்பாகக் கழற்றித் தரையில் பரப்பி விட்டார்!

பைத்தியக்காரத்தனம் என்று தோன்றுகிறதா? அந்த இளைஞர்தான் பின்னாளில் நாடே வியந்த அறிவியல் மேதை ஜி.டி. நாயுடு. அவருடைய கதையைத்தான் இந்த வாரம் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

கலங்கல் கிராமத்துச் சிறுவன்

கோயம்புத்தூருக்குக் கிழக்கே சூலூர் என்ற ஊர் இருக்கிறது. அதன் அருகே உள்ள சிறிய கிராமம் கலங்கல். அங்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் 1893-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் நாள் பிறந்தவர் துரைசாமி. தந்தையார் பெயர் கோபால்சாமி. கோபால்சாமி துரைசாமி என்பதன் சுருக்கம்தான் ஜி.டி.

சிறுவன் துரைசாமிக்குப் பள்ளிக்கூடம் என்றாலே பிடிக்காது. நாற்பது ஆண்டுகள் வகுப்பறையில் சாக்குக்கட்டி பிடித்த எனக்கு இதை எழுதச் சற்றுச் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் உண்மையை மறைக்கக் கூடாதல்லவா? அவர் படிப்பு தொடக்கப் பள்ளியோடு நின்று விட்டது.

உடனே புத்தகப் பையைத் தூக்கிப் பரண் மேல் போட்டு விடாதீர்கள்! பள்ளியைத்தான் அவர் விட்டார், படிப்பை விடவில்லை. பகலில் தந்தையின் தோட்டத்தில் வேலை செய்தார். கிடைத்த புத்தகங்களைத் தாமே படித்தார். ஒரு பொருளைப் பார்த்தால் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்து கொள்ளாமல் அவருக்குத் தூக்கம் வராது. அந்தக் குணம்தான் அவருக்கு ஆசிரியராக இருந்தது.

துரை ஓட்டி வந்த வண்டி

அந்தக் காலத்துக் கொங்கு நாட்டை ஒரு நிமிடம் கண்ணை மூடி நினைத்துப் பாருங்கள். சந்தைக்குப் போவதென்றாலும், உறவினர் வீட்டுக்குப் போவதென்றாலும் மாட்டு வண்டிதான். வசதியானவர்களிடம் வில் வண்டி இருக்கும். மற்றவர்களுக்கு நடராஜா சர்வீஸ்தான்! மோட்டார் வண்டி என்பதைப் பல கிராமத்து மக்கள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

அப்படிப்பட்ட நாளில் ஓர் ஆங்கிலேய அதிகாரி மோட்டார் சைக்கிளில் வந்தார். அது ரட்ஜ் என்ற நிறுவனம் இங்கிலாந்தில் தயாரித்த வண்டி. 1912-ஆம் ஆண்டின் மாடல். மாடு இல்லை, குதிரை இல்லை, மிதிப்பதும் இல்லை. ஆனாலும் புழுதி கிளப்பிக் கொண்டு பறக்கிறது! பார்த்தவர்கள் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். பிறகு அவரவர் வேலையைப் பார்க்கப் போய் விட்டார்கள்.

துரைசாமியால் மட்டும் போக முடியவில்லை. இது எதனால் ஓடுகிறது? உள்ளே என்ன இருக்கிறது? சத்தம் எங்கிருந்து வருகிறது? புகை ஏன் வருகிறது? கேள்விகள் அவரைக் குடைந்து எடுத்தன. அந்த வண்டியைச் சொந்தமாக வாங்கிப் பார்த்து விட வேண்டும் என்ற ஆசை பிறந்தது.

ஆசை சரி, பணம்? விவசாயி வீட்டுப் பிள்ளை ஆங்கிலேய அதிகாரியின் வண்டிக்கு ஆசைப்பட்டால் ஊர் என்ன சொல்லும்?

ஓட்டலில் வேலை

துரைசாமி ஊரைப் பற்றிக் கவலைப்படவில்லை. தந்தையிடமும் போய் நிற்கவில்லை. கோயம்புத்தூருக்குப் போனார். ஓர் ஓட்டலில் சர்வர் வேலையில் சேர்ந்தார். சொந்தத் தோட்டம் உள்ள வீட்டுப் பிள்ளை, மற்றவர்களுக்கு இலை போட்டுப் பரிமாறினார். டம்ளர் எடுத்தார். மேசை துடைத்தார். எந்த வேலையும் அவருக்குக் கேவலமாகப் படவில்லை.

கிடைத்த சம்பளத்தைச் செலவழிக்காமல் காசு காசாகச் சேர்த்தார். ஒரு நாள், இரு நாள் அல்ல. மூன்று ஆண்டுகள் என்று சொல்வார்கள். போதிய பணம் சேர்ந்ததும் அந்த அதிகாரியைத் தேடிப் போய் மோட்டார் சைக்கிளை வாங்கினார். அதன் விலை 300 ரூபாய் என்பார்கள். இன்று அது சிறு தொகையாகத் தெரியலாம். கிராமத்து மனிதர்கள் அணாவையும் தம்பிடியையும் எண்ணிச் செலவு செய்த காலத்தில் அது பெரும் பணம்.

பிரித்தார், பூட்டினார்!

இப்போது நம் கதையின் முக்கியமான இடத்துக்கு வந்து விட்டோம்.

வண்டி கைக்கு வந்ததும் துரைசாமி அதை நட்டு, போல்ட் வரைக்கும் கழற்றினார். அவருக்குச் சொல்லித் தர ஆள் இல்லை. வரைபடம் இல்லை. பக்கத்தில் மெக்கானிக் கடையும் இல்லை. தவறாகக் கழற்றினால் மூன்று ஆண்டு உழைப்பும் பழைய இரும்புக் கடைக்குப் போய் விடும். அந்த அபாயம் அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்தும்தான் ஸ்பேனரை எடுத்தார்.

அவர் உள்ளே என்ன பார்த்திருப்பார் தெரியுமா? உங்களுக்கும் புரியும்படி சொல்கிறேன்.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பைப் பார்த்திருக்கிறீர்கள். குழாய்க்குள் ஒரு தண்டு மேலும் கீழும் போய் வருகிறது அல்லவா? எஞ்சினிலும் அப்படி ஒரு குழாய் உண்டு. அதன் பெயர் சிலிண்டர். உள்ளே போய் வரும் பாகத்தின் பெயர் பிஸ்டன். பிஸ்டன் கீழே இறங்கும்போது பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து உள்ளே வருகின்றன. மேலே ஏறும்போது அந்தக் கலவை நெருக்கி அமுக்கப்படுகிறது. சரியாக அந்த நேரத்தில் ஸ்பார்க் பிளக்கில் ஒரு தீப்பொறி! கலவை எரிந்து விரிகிறது. பிஸ்டன் வேகமாகக் கீழே தள்ளப்படுகிறது. மறுபடி மேலே வரும்போது எரிந்த புகையை வெளியே அனுப்புகிறது. இந்த நான்கும்தான் திரும்பத் திரும்ப நடக்கின்றன.

சரி, மேலும் கீழும் போகும் பிஸ்டனால் சக்கரம் எப்படிச் சுற்றுகிறது? நீங்கள் சைக்கிள் மிதிப்பதை நினைத்துக் கொள்ளுங்கள். உங்கள் முழங்கால் மேலும் கீழும்தான் போகிறது. ஆனால் பெடல் வட்டமாகச் சுற்றுகிறது. எஞ்சினிலும் அதே தந்திரம்தான். அதைச் செய்யும் பாகம் கிராங்க் தண்டு. அந்தக் கால ரட்ஜ் வண்டியில் அந்தச் சுழற்சியை ஒரு பெல்ட் பின் சக்கரத்துக்குக் கொண்டு போனது. அதில் சிலிண்டரும் ஒன்றே ஒன்றுதான். கற்றுக் கொள்பவருக்கு அதைவிட நல்ல பாடப் புத்தகம் உண்டா?

பிரித்ததை எல்லாம் மீண்டும் பூட்டினார் துரைசாமி. வண்டி ஓடியது! அன்று முதல் அந்த மோட்டார் சைக்கிள் அவருக்கு முழுமையாகச் சொந்தமாயிற்று. காசு கொடுத்தபோது வண்டி கைக்கு வந்தது. பிரித்துப் பூட்டியபோது அதன் அறிவும் கூட வந்தது. பின்னர் வண்டிகளைப் பழுது பார்க்கும் தொழிலிலும் இறங்கினார்.

தொப்பி ஊசியால் காரைச் சரிசெய்த அம்மையார்

இந்த இடத்தில் இன்னொருவரையும் நீங்கள் தெரிந்து கொள்ள வேண்டும். ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் என்பவர் பெட்ரோலில் ஓடும் மூன்று சக்கரக் காரை உருவாக்கி 1886-இல் காப்புரிமை பெற்றார். ஆனால் அதை நம்பி வாங்க மக்கள் தயங்கினார்கள். 1888-ஆம் ஆண்டு அவருடைய மனைவி பெர்த்தா, கணவருக்குத் தெரியாமல் இரண்டு மகன்களையும் ஏற்றிக் கொண்டு அந்தக் காரில் தாய் வீட்டுக்குக் கிளம்பி விட்டார். தூரம் சுமார் 100 கிலோமீட்டர்.

வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக் கொண்டது. தொப்பியில் குத்தும் ஊசியால் குத்தி அடைப்பை எடுத்தார். பிரேக் தேய்ந்தது. செருப்புத் தைப்பவரிடம் சொல்லித் தோல் வைத்துத் தைத்துக் கொண்டார். பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்தார். பெண்ணுக்கு இயந்திரம் தெரியாது என்று சொல்பவர்களிடம் நம் வகுப்புச் சிறுமிகள் இந்தக் கதையைச் சொல்லலாம். கலங்கல் இளைஞரிடமும் ஜெர்மன் அம்மையாரிடமும் இருந்தது ஒரே துணிவு. வண்டி நின்றால் அழுது கொண்டு உட்காராமல், ஏன் நின்றது என்று குனிந்து பார்க்கும் துணிவு.

பஞ்சில் வந்தது, பஞ்சாய்ப் பறந்தது

நாயுடுவின் வாழ்க்கை அதன் பிறகு நேராக மேலே ஏறி விட்டது என்று நினைக்க வேண்டாம். திருப்பூரில் பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரித்தெடுக்கும் ஜின்னிங் தொழிலில் ஈடுபட்டார். நல்ல வருமானம் வந்தது. அந்த நம்பிக்கையில் பம்பாய்க்குப் போய்ப் பருத்தி வணிகத்தில் பணத்தைப் போட்டார். பெரும் நஷ்டம்! சேர்த்ததை எல்லாம் இழந்து ஊர் திரும்பினார்.

இழந்தது பணத்தை. கையில் இருந்த தொழிலறிவை எந்தச் சந்தையும் பிடுங்கிக் கொள்ள முடியவில்லை.

கோவையில் அப்போது ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயர் பெரிய தொழிலதிபராக விளங்கினார். காபித் தொழில், நூற்பாலை, பள்ளிக்கூடம் என்று பலவற்றை இந்த ஊரில் நிறுவியவர். மோட்டார் வண்டித் தொழிலும் அவருக்கு இருந்தது. நாயுடுவின் திறமையையும் நேர்மையையும் கண்ட ஸ்டேன்ஸ், ஒரு பேருந்து வாங்குவதற்குக் கடன் கொடுத்து உதவினார்.

பொள்ளாச்சி முதல் பழனி வரை

1920-ஆம் ஆண்டு நாயுடு தம் முதல் பேருந்தை வாங்கினார். அதை ஓட்டிய வழித்தடம் எது தெரியுமா? பொள்ளாச்சி - பழனி!

நான் வசிக்கும் ஆனைமலையிலிருந்து பொள்ளாச்சி சுமார் 15 கிலோமீட்டர். அங்கிருந்து உடுமலைப்பேட்டை வழியாகப் பழனி 60 கிலோமீட்டருக்கும் மேல். இன்று பேருந்தில் ஏறி ஒரு தூக்கம் போட்டால் பழனி மலை கண்ணில் தெரிகிறது. 1920-இல் அப்படியில்லை. பொள்ளாச்சிக்குப் போத்தனூரிலிருந்து 1915-லேயே ரயில் வந்து விட்டது. ஆனால் பழனிப் பக்கம் ரயில் பாதை 1928-இல்தான் திறக்கப்பட்டது. அதுவரை பழனிக்குப் போகும் பக்தர்களும், பொள்ளாச்சிச் சந்தைக்கு வரும் வியாபாரிகளும் மாட்டு வண்டியை நம்பித்தான் இருந்தார்கள். மாட்டு வண்டி மணிக்கு நான்கைந்து கிலோமீட்டர் போகும். கணக்குப் போட்டுப் பாருங்கள், எத்தனை மணி நேரம் ஆகும் என்று! மாடுகளுக்கு ஓய்வு வேறு கொடுக்க வேண்டும்.

எங்கே தேவை இருக்கிறது என்று பார்த்து அங்கே பேருந்தை விட்டார் நாயுடு. முதலாளியும் அவரே, ஓட்டுநரும் அவரே.

அந்தக் காலத்தில் மோட்டார் வண்டி ஓட்டுவது சாதாரண வேலையல்ல. வண்டியின் முன்னால் ஓர் இரும்புக் கைப்பிடியைச் செருகிப் பலம் கொண்ட மட்டும் சுற்றினால்தான் எஞ்சின் கிளம்பும். சில நேரம் கைப்பிடி எதிர்ப்பக்கம் திருப்பி அடிக்கும்; மணிக்கட்டே முறிந்து விடும். தார் போடாத சாலையில் டயர் அடிக்கடி பஞ்சராகும். ரேடியேட்டரில் தண்ணீர் கொதிக்கும். நடுவழியில் நின்றால் ஓட்டுநரே பழுது பார்க்க வேண்டும். பயணிகளோ காத்திருப்பார்கள். கடன் தவணையும் காத்திருக்கும். வண்டி நின்றால் வருமானம் நிற்கும். வருமானம் நின்றால் கடன் கழுத்தைப் பிடிக்கும். அந்த நேரத்தில் அவருக்குக் கை கொடுத்தது எது? கழற்றிப் பூட்டிய அந்தப் பழைய மோட்டார் சைக்கிள் சொல்லிக் கொடுத்த பாடம்தான்.

ஒரு பேருந்து பலவாயிற்று. யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்ற நிறுவனம் வளர்ந்தது. சுருக்கமாக யு.எம்.எஸ். என்பார்கள். சில ஆண்டுகளிலேயே நாட்டில் மிகத் திறமையாக நடத்தப்பட்ட பேருந்து நிறுவனங்களில் ஒன்று என்று அது பெயர் பெற்றது.

கை வைத்ததெல்லாம் கண்டுபிடிப்பு

பேருந்தோடு அவர் நின்று விடவில்லை. எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்கும் அந்தக் கை சும்மா இருக்குமா?

முகம் மழிக்கும் மின்சார ரேசர் ஒன்றை உருவாக்கினார். டார்ச் லைட்டுக்குப் போடுவதைப் போன்ற உலர் பேட்டரியில் ஓடும் சிறு மோட்டார் அதில் இருந்தது. ரசன்ட் என்பது அதன் பெயர். மிக மெல்லிய சவர பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி, மோசடி செய்ய முடியாதபடி வாக்குகளைப் பதிவு செய்யும் இயந்திரம் என்று அவர் உருவாக்கியவை பல. ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தயாரிக்க முடியும் என்று 1941-இல் அறிவித்தார்.

1937-இல் டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து பீளமேட்டில் மின் மோட்டார் தயாரிப்பில் ஈடுபட்டார். உள்நாட்டிலேயே உருவான முதல் மின் மோட்டார் என்று அதைப் போற்றுகிறார்கள். இன்று உங்கள் தோட்டத்துக் கிணற்றில் ஓடும் பம்பு செட்டைப் பாருங்கள். கோவை என்று அதில் எழுதியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. இந்த நகரம் மோட்டாருக்கும் பம்புக்கும் பெயர் பெற்றதற்கு விதை போட்டவர்களில் அவர்களும் உண்டு.

வெளிநாடுகளுக்கும் பலமுறை சென்றார். போன இடமெல்லாம் தொழிற்சாலைகளைப் பார்த்தார். கையில் எப்போதும் கேமரா இருக்கும். 1936-இல் லண்டனில் நடந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைக்கூடப் படம் பிடித்திருக்கிறார். பருத்தி, பப்பாளி போன்ற பயிர்களிலும் ஆராய்ச்சி செய்தார். நோபல் பரிசு பெற்ற சர் சி.வி. ராமன் அவருடைய பணிகளைப் பாராட்டினார்.

ஓடாமல் போன கார்

1952-ஆம் ஆண்டு. நாயுடுவின் கூடத்திலிருந்து இரண்டு பேர் உட்காரும் ஒரு சிறிய பெட்ரோல் கார் வெளியே வந்தது. விலை 2,000 ரூபாய்தான்!

அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு 1908-இல் மாடல் டி என்ற காரைக் கொண்டு வந்து, பணக்காரர்களின் பொருளாக இருந்த காரைச் சாதாரணக் குடும்பங்களும் வாங்கும்படி செய்தார். 1927 வரை ஒன்றரைக் கோடி கார்கள் தயாராயின. அது போல நம் நாட்டிலும் நடுத்தரக் குடும்பத்தின் வாசலில் ஒரு கார் நிற்க வேண்டும் என்பது நாயுடுவின் கனவு.

ஆனால் அந்தக் காலத்தில் எதையும் பெரிய அளவில் தயாரிக்க அரசின் லைசென்ஸ் வேண்டும். அது கிடைக்கவில்லை. கார் தயாரிப்பு தொடக்கத்திலேயே நின்று விட்டது. மலிவான கார் என்ற கனவை 2009-இல், நானோ கார் விற்பனைக்கு வந்தபோதும் நம் நாடு கண்டது. இடையில் ஐம்பத்தேழு ஆண்டுகள் ஓடி விட்டன! அந்த நானோவும் 2018-இல் நின்று போனது. இயந்திரத்தை உருவாக்குவது ஒரு கஷ்டம். அதை மக்களிடம் கொண்டு சேர்ப்பது அதைவிடப் பெரிய கஷ்டம்.

இதே போல் இன்னொரு மனக்கசப்பும் அவருக்கு உண்டு. கோவையில் 1945-இல் அவருடைய முயற்சியாலும் நன்கொடையாலும் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கப்பட்டது. அன்றைய சென்னை மாகாண ஆளுநர் சர் ஆர்தர் ஹோப்பின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. அவிநாசி சாலையில் ஹோப் காலேஜ் என்று இன்றும் பேருந்து நடத்துநர்கள் கூவுகிறார்களே, அந்தப் பெயர் அப்படி வந்ததுதான். பிறகு அக்கல்லூரி இடம் மாறி, அரசு தொழில்நுட்பக் கல்லூரி என்று வளர்ந்து நிற்கிறது.

தொடக்கப் பள்ளியோடு நின்றவர் அந்தக் கல்லூரிக்கு முதல்வராக இருந்தார்! பொறியியல் படிப்புக்கு நான்கு ஆண்டுகள் தேவையில்லை. கையால் வேலை செய்து கற்றால் இரண்டு ஆண்டுகளே போதும் என்பது அவருடைய கருத்து. அரசு ஏற்கவில்லை. அவர் பதவியை விட்டு விலகினார். அவர் சொன்னது முழுவதும் சரியா என்று இன்றும் பெரியவர்கள் வாதாடலாம். கையால் செய்து பார்க்காத படிப்பு அரைப் படிப்பு என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லை.

பழைய வண்டி வாங்கும் அண்ணன்களுக்கு

உங்கள் அண்ணன்மார் சிலர் பழைய வண்டிகளின் மேல் பித்தாக இருப்பார்கள். உலகம் முழுவதும் இந்தப் பித்து உண்டு. அமெரிக்காவில் 1964-இல் போன்டியாக் ஜி.டி.ஓ. என்ற கார் வந்தது. நடுத்தர அளவுள்ள காரில் எட்டு சிலிண்டர்களும் சுமார் 6.4 லிட்டர் கொள்ளளவும் கொண்ட பெரிய எஞ்சினைப் பொருத்தி விட்டார்கள். நம் ஊர்ச் சிறிய கார்களின் எஞ்சின் ஒரு லிட்டர் அளவுதான் என்றால் அதன் பலத்தை ஊகித்துக் கொள்ளுங்கள். பயில்வான் உடம்பு மாதிரி இருப்பதால் அந்த வகைக்கு மஸில் கார் என்று பெயர் வந்தது. 1973-இல் பெட்ரோல் தட்டுப்பாடு வந்ததும் அதன் மவுசு குறைந்தது. இன்று அறுபது வயதைத் தொட்ட அந்தக் கார்களைத் தேடிப் பிடித்து வாங்கும் இளைஞர்கள் அங்கே இருக்கிறார்கள்.

அமெரிக்காவின் கார் ஆனாலும், உள்ளூர் மொபெட் ஆனாலும், பழைய வண்டி வாங்கும் புதியவருக்குச் சொல்லும் புத்தி ஒன்றுதான். மேலே அடித்த பெயின்டைப் பார்த்து மயங்கக் கூடாது. குனிந்து அடிப்பாகத்தில் துரு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ளபடி இருக்கின்றனவா என்று சரிபார்க்க வேண்டும். உதிரிப் பாகம் கிடைக்குமா என்று விசாரிக்க வேண்டும். விவரம் தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துப் போக வேண்டும். கையில் உள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்து விடாமல், பழுது பார்க்கவும் கொஞ்சம் வைத்திருக்க வேண்டும். ஓட்டுவதோ, 18 வயது நிரம்பி ஓட்டுநர் உரிமம் வாங்கிய பிறகுதான்!

நானே கற்றுக் கொண்ட பாடம்

இதை எல்லாம் நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. என் சொந்தக் கதை ஒன்று இருக்கிறது.

பல ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். கணக்குப் பாடம் நடக்கும்போது மடியில் வைத்து ஒரு பழைய டார்ச் லைட்டைப் பிரித்துக் கொண்டிருந்தான். எனக்குக் கோபம் வந்தது. டார்ச்சைப் பிடுங்கி வைத்துக் கொண்டு, அவனை வெளியே நிற்க வைத்தேன். எதற்கும் லாயக்கில்லை என்றும் திட்டி விட்டேன்.

நாற்பது வயதுக்கு மேல் நான் என் முதல் வண்டியாக ஒரு பழைய மொபெட் வாங்கினேன். பளபளப்பைப் பார்த்து வாங்கியதுதான். ஒரு மாலை நேரம் வேட்டைக்காரன்புதூர் சாலையில் அது நின்று விட்டது. மிதித்து மிதித்துக் கால் ஓய்ந்து நின்றபோது, பக்கத்துத் தோட்டத்தில் பம்பு செட் பழுது பார்த்துக் கொண்டிருந்த ஓர் இளைஞன் ஓடி வந்தான். அவன்தான் அந்த மாணவன்! ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினான். கரி பிடித்திருந்ததை உப்புத் தாளால் தேய்த்தான். மாட்டினான். வண்டி கிளம்பியது. அதோடு விடவில்லை. என்னையும் உட்கார வைத்து, ஒருமுறை கழற்றி மாட்டச் சொல்லிக் கற்றுக் கொடுத்தான்.

காசு வாங்க மறுத்து விட்டான். நான் வீட்டுக்கு வந்து அலமாரியைத் தேடினேன். அவனிடம் பிடுங்கிய டார்ச் லைட் கிடைக்கவே இல்லை.

அதன் பிறகு என் வகுப்பில் யாராவது எதையாவது பிரித்தால், பாடம் முடிந்த பிறகு என் மேசைக்குக் கொண்டு வந்து பிரிக்கச் சொன்னேன். திரும்பப் பூட்டுவதையும் என் கண் முன்னாலேயே செய்ய வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை!

இன்றும் ஓடும் பெயர்

ஜி.டி. நாயுடு 1974-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள் மறைந்தார். கோவை அவிநாசி சாலையில் அவருடைய கண்டுபிடிப்புகள் காட்சியாக வைக்கப்பட்டிருக்கின்றன. அதே சாலையில் 2015-இல் ஜீடி கார் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. பல நாட்டுப் பழைய கார்களை அங்கே வரிசையாகப் பார்க்கலாம். 2025-இல் அந்தச் சாலையின் மேல் கட்டி முடிக்கப்பட்ட சுமார் 10 கிலோமீட்டர் நீள மேம்பாலத்துக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். புழுதிச் சாலையில் கைப்பிடி சுற்றிப் பேருந்து ஓட்டியவர் பெயரில் இன்று ஆயிரக்கணக்கான வண்டிகள் ஓடுகின்றன.

விடுமுறையில் கோவைக்குப் போனால் அப்பா அம்மாவை அங்கே அழைத்துப் போகச் சொல்லுங்கள். அதற்கு முன் வீட்டில் ஓடாமல் கிடக்கும் பழைய கடிகாரம் ஏதாவது இருந்தால், பெரியவர்களிடம் அனுமதி கேட்டு, பேட்டரியைக் கழற்றி வைத்து விட்டு, மெதுவாகத் திறந்து பாருங்கள். மின்சாரத்தில் செருகும் பொருளைத் தொடவே கூடாது. கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் ஒரு தாளில் வரிசையாக வைத்து, எது எங்கே இருந்தது என்று எழுதிக் கொள்ளுங்கள். பிரிப்பது எல்லோராலும் முடியும். திரும்பப் பூட்டி ஓட வைப்பவர்தான் ஜி.டி. நாயுடுவின் வாரிசு!

வாழ்க்கைச் சுவடுகள்

1893 மார்ச் 23 - கலங்கல் கிராமத்தில் பிறப்பு
1920 - பொள்ளாச்சி - பழனி வழித்தடத்தில் முதல் பேருந்து
1937 - மின் மோட்டார் தயாரிப்பு
1945 - தொழில்நுட்பக் கல்லூரியின் முதல்வர்
1952 - 2,000 ரூபாய் விலையில் இருவர் அமரும் கார்
1974 ஜனவரி 4 - மறைவு